மெல்லிய பட்டு மினுமினுப்பு

நாய்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ஜூலை இரண்டாவது ஞாயிறு என்றால் அந்தப் பெரிய கொட்டகை டார்ன்லி கார் சங்கத்துக்குத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, இந்த வருஷம் யாரும் கடிதம் போட்டு உறுதி செய்யவில்லை. அதனால் நாய்க் கண்காட்சி உள்ளே போனது. சீவி முடித்த நாய்கள் கூரைக்கடியில் உலர்ந்த தரையில் உலாவ, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கவென்ட்ரியில் செய்த பதினான்கு கார்கள் வெளியே ஈரப் புல்லில் வரிசையாக நின்றன. வார்விக்‌ஷயர் வானம் காலை எட்டு மணிக்கே பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

கேனர் டிரான்டர் வானத்தைப் பார்த்தாள். பிறகு தன் காரின் பின்பக்கம், சக்கரம் கழற்றிய இடத்தில் தெரிந்த பிரேக் டிரம்மைப் பார்த்தாள். வெறும் வார்ப்பிரும்பு. பெயின்ட் இல்லை, எண்ணெய் இல்லை, ஒன்றும் இல்லை. முந்தின நாள் சாயந்திரம் ஸ்பிரிட் போட்டு, விரல் ரேகைகூட மிச்சமில்லாமல் துடைத்திருந்தாள். அவளுடைய தம்பி கீத் பக்கத்தில் நின்று பன்றிக்கறி ரொட்டியை மென்றுகொண்டே, இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், ஆரஞ்சுப் பழமாக ஆகிவிடும் என்றான். தெரியும் என்றாள். எண்ணெயாவது தடவேன் என்றான். விதிப்படி கூடாது என்றாள். அந்த விதியை எழுதினவன் எந்த நாட்டுக்காரன், சகாராவா என்று கேட்டான்.

எழுதினவர் சகாராக்காரர் இல்லை, ஆப்ரி ஃபென்னிமோர். ஓய்வு பெற்ற வக்கீல், சங்கத்தின் கார்ப் போட்டிக்கு நடுவர். ஆயுள் முழுக்க மற்றவர்களின் உயிலைப் படித்தவர். அந்தப் பழக்கத்தில் காரையும் உயில் மாதிரிப் படித்தார். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு ஒவ்வொரு உறுப்பும் எந்த மேனியில் இருந்ததோ அதே மேனியில் இருக்க வேண்டும். அதைவிட மோசமாக இருந்தாலும் தப்பு, அதைவிட அழகாக இருந்தாலும் தப்பு. எந்த ஸ்பிரிங்குக்கு துத்தநாக முலாம், எந்தக் குழாய்க்குத் தகர முலாம், எந்தத் தகட்டுக்குக் கறுப்பு பெயின்ட் என்று நூற்றிப் பத்துப் பக்கத்துக்கு ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் போட்டிருந்தார். சங்கத்தில் அதுதான் வேதம். அதன் நாற்பத்தோராம் பக்கத்தில்தான் கேனரின் பிராணன் மாட்டிக்கொண்டிருந்தது.

"பிரேக் டிரம்: வெற்று வார்ப்பிரும்பு. வண்ணப் பூச்சு கூடாது. நிறம் சாம்பல்; மெல்லிய பட்டு மினுமினுப்பு."

கடைசி மூன்று வார்த்தைகளைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போலிருந்தது. வால்சாலில் ஒரு முலாம் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக இரும்பைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறாள். வெற்று வார்ப்பிரும்பு சாம்பலாக இருக்கும், சொரசொரப்பாக இருக்கும், அடுப்புக்கல் மாதிரி செத்துக் கிடக்கும். பட்டாவது மினுமினுப்பாவது. இத்தனைக்கும் மூடிப்போன ஒரு டீலர் கடையின் கிடங்கில், எண்ணெய்க் காகிதத்தைப் பிரிக்காமல் இருந்த புது டிரம் ஒன்றை அவளே கண்டுபிடித்திருந்தாள். அதிலும் மினுமினுப்பு இல்லை. போன வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஃபென்னிமோரிடம் காட்டினாள். ஒரு டிரம் ஒரு டிரம்மைப் பற்றித்தான் சாட்சி சொல்லும் மிஸ் டிரான்டர் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு, மினுமினுப்பு இல்லாததற்கு இரண்டு மார்க் குறைத்தார். ஒன்றரை மார்க்கில் தோற்றாள்.

ஜெயித்தவர் ராட்னி பெம்பர்ட்டன், பல் டாக்டர். கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போய் அதில் பென்சில் போட்டு வைத்திருக்கிறார் என்று கேள்வி.

கேனருக்குக் கோப்பை வேண்டாம். அவளுக்கு வேண்டியது கண்ணாடி. நீளமான பிடி போட்டு, நுனியில் கையகலக் கண்ணாடி பொருத்தி, காருக்கு அடியில் நுழைத்துப் பார்க்கிற நடுவர் கண்ணாடி. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அது கை மாறும். அந்த வருஷம் கீழ்ப்பாகப் போட்டியில் முதல் மார்க் வாங்குகிறவர்தான் அடுத்த மூன்று வருஷத்துக்கு நடுவர். புத்தகத்தைத் திருத்தும் உரிமையும் கண்ணாடியோடு சேர்ந்தது. இது கை மாறுகிற வருஷம். ஃபென்னிமோர் மறுபடி போட்டி போடப் போவதில்லை. அவர் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சங்கத்தில் சேர்ந்த முதல் நாள் நான்கு பேர் அவளிடம் உங்கள் கணவரின் கார் எது என்று கேட்டார்கள், ஐந்தாவது ஆள் டீ எப்போது வரும் என்று கேட்டார். அந்த ஐந்து பேருடைய காருக்கு அடியிலும் கண்ணாடியை நுழைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. சின்ன ஆசைதான். ஆனால் தூங்க விடாத ஆசை.

ஒன்பது மணிக்கு மணி அடித்தார்கள். அதற்குத் "துணி கீழே" என்று பெயர். அந்த மணிக்குப் பிறகு துணியோ, தூரிகையோ, விரலோ எதுவும் காரைத் தொடக் கூடாது. தொட்டால் போட்டியிலிருந்து நீக்கம். பதினான்கு பேரும் பூஜை முடித்த மாதிரி இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். வரிசைக்கு முன்னால், சங்கத்தின் கொடிக்குக் கீழே, ஃபென்னிமோரின் சொந்தக் கார் தனியாக நின்றது. அது போட்டியில் இல்லை. புத்தகத்தில் உள்ள படங்களெல்லாம் அந்தக் காரைப் பார்த்து எடுத்தவை. சந்தேகம் வந்தால் அங்கே போய் ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதற்கும் சக்கரம் கழற்றியிருந்தது. அவரும் தன் காரை மூடவில்லை. விதி என்றால் விதி.

ஒன்பதே காலுக்கு முதல் சொட்டு விழுந்தது, கேனரின் மூக்கில்.

பெம்பர்ட்டன் ஒன்றாம் எண், அவள் பதினான்காம் எண். ஒரு காருக்கு ஃபென்னிமோர் எட்டு நிமிஷம் எடுப்பார். அவர் இவளிடம் வந்து சேருவதற்குள் டிரம் துருவேறி, செம்பட்டைப் பூனை நிறத்துக்கு மாறியிருக்கும். காரைத் தொடத்தானே கூடாது, குடை பிடிக்கலாமே என்று கீத்துக்குத்தான் தோன்றியது. வேனுக்கு ஓடினான். ஒரே ஒரு குடை இருந்தது, அதிலும் இரண்டு கம்பி ஒடிந்தது. இடது டிரம்முக்கு அவன் குடை பிடிக்க, வலது டிரம்முக்குக் கேனர் தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கூடாரம் மாதிரி விரித்துக்கொண்டு நின்றாள். கோட்டு நுனி காரில் பட்டுவிடாமல் இரண்டு கையையும் அகட்டி நீட்டிக்கொண்டிருந்தாள். முதுகு வழியாகத் தண்ணீர் இறங்கி ஜட்டி வரை போனது. கொட்டகைக்குள்ளிருந்து ஏதோ ஒரு நாய் விட்டு விட்டுக் குரைத்தது, சிரிக்கிற மாதிரி.

"கேனர், ஒண்ணு கவனிச்சியா?" என்றான் கீத்.

"வாயை மூடிக்கிட்டு குடையை நேராப் பிடி."

"இல்ல, பாரேன். நாம ரெண்டு பேர்தான் இந்தக் கூத்து அடிக்கிறோம்."

தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மை. மற்ற பதின்மூன்று பேரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குடைகள் இருந்தன, ஆனால் தலைக்கு மேலே. பெம்பர்ட்டன் முட்டை சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு நடுவை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காரின் டிரம் மழையில் குளித்துக்கொண்டிருக்க, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெற்றிரும்பை மழையில் விட்டுவிட்டு ஒரு மனிதன் அப்படிச் சாப்பிட முடியாது. கோட்டைக் கீத்தின் இன்னொரு கையில் திணித்துவிட்டு வரிசையோடு நடந்தாள்.

பதின்மூன்றாம் எண் டிரம்மில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பன்னிரண்டிலும். பதினொன்றிலும். இரும்பில் தண்ணீர் அப்படி நிற்காது, பரவும். பூச்சு இருந்தால்தான் நிற்கும். ஒருவர் வெள்ளி பெயின்ட்டில் கரித்தூள் கலந்திருந்தார், ஒருவர் நிறமில்லா வார்னிஷ் அடித்திருந்தார், ஒருவர் என்ன செய்திருந்தார் என்று அவளுக்கே பிடிபடவில்லை, ஆனால் வேலை சுத்தம். பதின்மூன்று கார், இருபத்தாறு டிரம், துரு ஒரு பொட்டுகூட இல்லை. அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பெம்பர்ட்டனிடம் நேராகவே கேட்டாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் பதில் சொன்னார்.

"புத்தகத்துல மினுமினுப்புன்னு போட்டிருக்கே டியர். வெறும் இரும்புக்கு மினுமினுப்பு எங்கேயிருந்து வரும்? நாமதான் கொஞ்சம் உதவி பண்ணணும்."

"வண்ணப் பூச்சு கூடாதுன்னும் அதே பக்கத்துலதான் போட்டிருக்கு."

"வண்ணமா? இது இரும்போட நிறம்தானே."

பல்லுக்கே உறை போடுகிற ஆளிடம் என்ன பேசுவது. மேலே ஒரு எட்டு வைத்தாள், ஃபென்னிமோரின் கார் முன்னால் வந்து நின்றாள். அங்கேயும் முத்து முத்தாக நின்றது தண்ணீர்.

முதலில் கைதட்ட வேண்டும் போலிருந்தது. வேதத்துக்கே வார்னிஷ். குனிந்து பார்த்தாள், குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டிரம்மின் முகத்தில், பிரேக்கை இறுக்குவதற்காக விட்டிருக்கும் சின்னத் துளையின் ஓரத்தில், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு புள்ளிகள் பூத்திருந்தன. பக்கத்துப் பக்கத்தில், பாம்பு கடித்த மாதிரி.

அந்தக் கடி அவளுடையது.

பட்டறையில் எதையும் கொக்கியில் தொங்கவிட்டுத்தான் வார்னிஷ் அடிப்பார்கள். கொக்கி பட்ட இடத்தில் மட்டும் வார்னிஷ் ஏறாது. மற்றவர்கள் ஒற்றைப் பல் கொக்கி போடுவார்கள். பொருள் சுழலக் கூடாது என்று இரட்டைப் பல்லாக ஒரு கம்பியை வளைத்து வைத்திருப்பவள் கேனர் ஒருத்திதான். வால்சாலில் மட்டுமல்ல, அவளுக்குத் தெரிந்து இங்கிலாந்திலேயே. ஏழு வருஷத்துக்கு முன்னால் லெமிங்டனில் ஏதோ ஒரு கராஜிலிருந்து அட்டைப் பெட்டியில் நான்கு டிரம்கள் வந்தது மெதுவாக நினைவுக்கு வந்தது. மேலே ஒரு சீட்டு: சுத்தம் செய்யவும், வெற்றிரும்பாகவே விடவும். அவள் சுத்தம் செய்தாள். பிறகு, பட்டறை வழக்கப்படி, மெல்லிசாக ஒரு கோட் வார்னிஷ் அடித்து அனுப்பினாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. வெற்றிரும்பை அப்படியே அனுப்பினால் அடுத்த திங்கட்கிழமை துருப்பிடித்துவிட்டது என்று சண்டைக்கு வந்து நிற்பார்கள்; அதனால் வாசலைத் தாண்டுகிற எதற்கும் ஒரு கோட். அது ஒரு மரியாதை.

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. மெல்லிய பட்டு மினுமினுப்பு.

ஆறு வருஷமாக யார் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தாளோ, அந்த ஆள் வால்சாலில் ஸ்பிரே துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தாள்.

மழையில் நனைந்துகொண்டே யோசித்தாள். சொல்லாமல் இருந்தால் நான்கு மார்க் போகும், துருவுக்கு இரண்டு, மினுமினுப்புக்கு இரண்டு. கண்ணாடி பல் டாக்டர் கைக்குப் போகும். சொன்னால், சீட்டில் எழுதியதைப் படிக்கத் தெரியாத பட்டறை என்று பெயர் வரும். ஊர் முழுக்கச் சிரிப்பார்கள், முதலில் கீத் சிரிப்பான். திரும்பி நடந்து தன் காரிடம் வந்தாள்.

"குடையை மடக்கு."

"என்னது?"

"மடக்குடா. நனையட்டும்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். மடக்கினான். இரண்டு பேரும் பக்கத்தில் நின்று இரும்பு பழுப்பதைப் பார்த்தார்கள். முதலில் வலது டிரம்மின் விளிம்பில் மஞ்சளாக ஒரு மூச்சு மாதிரி ஏறியது, பிறகு முகத்தில் பரவியது, ஃபென்னிமோர் பத்தாம் காரை முடிப்பதற்குள் நல்ல இஞ்சி பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்டது. இத்தனை அழகான துருவை இதுவரை பார்த்ததில்லை என்று கீத் சொன்னான். கேலியா என்று தெரியவில்லை.

பதினோரு மணிக்கு ஃபென்னிமோர் வந்தார். மார்க் தாளை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பைக்குள்ளேயே கையை விட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஈரப் பாயில் படுத்து, கண்ணாடியை நுழைத்து, குழாய், ஸ்பிரிங், தகடு எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றிலும் குறை இல்லை. டிரம்முக்கு வந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். துரு என்று எழுதினார், மைனஸ் இரண்டு. மினுமினுப்பு இல்லை என்று எழுதப் போனார்.

"மிஸ்டர் ஃபென்னிமோர், ஒரு கேள்வி. வெறும் வார்ப்பிரும்பு ரெண்டு மணி நேரம் மழையில நின்னா என்ன ஆகும்?"

"துருப்பிடிக்கும்."

"இங்க பதினாலு கார் மழையில நின்னுச்சு. ஏன் ஒண்ணு மட்டும் பிடிச்சிருக்கு?"

பைக்குள் பென்சில் நின்றது. அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றாம் எண்ணிலிருந்து பதின்மூன்றாம் எண் வரை முழுப் பத்து மார்க் போட்டு வந்தவர். முட்டாள் இல்லை, வக்கீல். ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டார், ஆனால் புரிந்ததை விழுங்க இன்னொரு நிமிஷம் ஆனது. பட்டு மினுமினுப்பு என்பது தன் காரில் தானே கண்ணால் பார்த்தது, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், நாற்பத்தைந்து டிகிரி கோணத்தில் மூன்று தடவை பார்த்து எழுதியது என்று சொன்னார்.

"அந்தப் பட்டு நான் நெய்தது, சார்," என்றாள் கேனர்.

எல்லாவற்றையும் சொன்னாள். லெமிங்டன், அட்டைப் பெட்டி, சீட்டு, ஒரு கோட். அந்தச் சீட்டை எழுதி கராஜில் கொடுத்தது தான்தான் என்றார் ஃபென்னிமோர். அதற்குள் நாற்காலிகள் காலியாகி, பதின்மூன்று குடைகளும் அவர்களைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன. பெம்பர்ட்டன், இது ஒரு சுவாரசியமான கதை, ஆதாரம் எங்கே என்றார். ஊர்வலமாக ஃபென்னிமோரின் காரிடம் போனார்கள். கேனர் குனிந்து, தொடாமல், விரலால் சுட்டினாள். இரண்டு புள்ளி. மழையில் எங்கே வேண்டுமானாலும் புள்ளி வரும் என்றார் பெம்பர்ட்டன்.

கீத் வேனுக்கு ஓடினான். அந்த இரட்டைப் பல் கொக்கி வேனில்தான் இருந்தது. போன வருஷம் பட்டறையிலிருந்து சுட்டுக்கொண்டு வந்து அதில் கெட்டிலை மாட்டி வைத்திருந்தான். மூச்சிரைக்கக் கொண்டுவந்து கொடுத்தான். கேனர் அதைத் துளைக்கு நேராக ஒரு விரல் இடைவெளியில் பிடித்தாள். தொடாதீங்க என்றார் ஃபென்னிமோர், பழக்க தோஷத்தில். அவள் தொடவில்லை. இரண்டு பல்லும் இரண்டு புள்ளிக்கும் நேராக, திட்டமாக வந்து நின்றன.



ஃபென்னிமோர் கோட்டின் உள்பையிலிருந்து சிவப்புப் புத்தகத்தை எடுத்தார். நாற்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து, கடைசி மூன்று வார்த்தைகளை அடித்தார். ஒரு கோடு போதாதென்று நினைத்தாரோ என்னவோ, அளவுகோல் வைத்த மாதிரி இன்னொரு கோடும் போட்டார். பிறகு புதிதாக ஒரு மார்க் தாளை எடுத்து மேலே தன் பெயரையே எழுதினார். போட்டியில் இல்லாத காருக்கு எதற்கு மார்க் என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். டிரம்மில் பூச்சு இருக்கிறது, மைனஸ் நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஒன்றாம் எண்ணுக்குப் போனார். மைனஸ் நான்கு. இரண்டாம் எண், மைனஸ் நான்கு. வரிசை நெடுக ஒரே மாதிரி முனகல் கேட்டது. அந்த மனிதரை ஆறு வருஷம் மனதார வெறுத்திருந்தாள் கேனர். இப்போது அந்த வெறுப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவளிடம் வந்தார். பழைய மைனஸை அடித்துவிட்டு, மறுபடி பாயில் படுத்து, இடது டிரம்மைப் பார்த்தார், எழுந்து சுற்றிப் போய் வலது டிரம்மைப் பார்த்தார், திரும்ப இடது பக்கம் வந்தார்.

"மிஸ் டிரான்டர், வலது பக்கத் துரு நல்லா இருக்கு. இடது பக்கம் கொஞ்சம் கம்மி."

"குடை பிடிச்சோம். கொஞ்ச நேரம்."

"ஒரு காருக்கு ரெண்டு பக்கமும் ஒரே மழைதான் பெய்யணும்," என்று சொல்லி அரை மார்க் குறைத்தார்.

கேனர் வாயைத் திறந்தாள். வாதாட நல்ல நல்ல வார்த்தைகளாக வரிசையில் வந்து நின்றன. இடது டிரம்மைப் பார்த்தாள். அந்த ஆள் சொன்னது சரி, நாசமாய்ப் போக. வாயை மூடிக்கொண்டாள். கீத் குடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

தொண்ணூற்றொன்பதரை. பெம்பர்ட்டன் தொண்ணூற்றைந்து. டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்த கூடாரத்தில் கோப்பை கொடுக்கும்போது அதற்குள் இரண்டு பென்சில் இருந்தது. கேனர் அவற்றை எடுத்து டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தாள். கண்ணாடி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அதன் பிடியில் பழைய துணி சுற்றி, துணிக்கு மேல் யாரோ வார்னிஷ் அடித்திருந்தார்கள். யார் என்று அவள் கேட்கவில்லை.

பெம்பர்ட்டன் இறங்கி வந்து, டியர் என்ற வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிட்டு, இந்த வார்னிஷையெல்லாம் இனி எங்கே போய் எடுப்பது என்று கேட்டார்.

"எங்ககிட்டதான். கழட்டி எடுத்துட்டு வாங்க. திங்கக்கிழமை எட்டு மணிக்குத் திறப்போம்."

தான் ஏழே முக்காலுக்கே வந்துவிடுவதாக ஃபென்னிமோர் பின்னாலிருந்து சொன்னார். ஈரத் தொப்பியைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை வெற்றிரும்பு என்று கொட்டை எழுத்தில் எழுதி எடுத்து வருகிறேன் என்றார்.

கேனர் கண்ணாடியைத் தோளில் சாத்திக்கொண்டாள்.

"போன தடவையும் நீங்க தெளிவாத்தான் எழுதியிருந்தீங்க," என்றாள்.